மந்தநிலை ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொருளாதாரம் சரிந்த ஆண்டில் கல்லூரியை விட்டு வெளிவருவோர்க்கு வேலை சற்றுத் தாமதமாகக் கிடைக்கும், அவ்வளவுதான் என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பெரிய இழப்பு தாமதத்தால் வருவதில்லை; குறைந்த சம்பளத்தில், தகுதிக்குக் கீழான நிறுவனத்தில் தொடங்க நேர்வதால் வருகிறது. கனடாவின் கல்லூரிப் பட்டதாரிகளை நீண்டகாலம் பின்தொடர்ந்து ஆராய்ந்த பிலிப் ஓரியோபூலஸ் முதலிய பொருளியலாளர்கள், மந்தநிலையில் நுழைந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருந்ததையும், அந்த இடைவெளி மறைய 10 ஆண்டுகள் வரை ஆனதையும் கண்டார்கள். இழப்பை விரைவாக ஈடுகட்டியவர்கள், சந்தை திரும்பியதும் மேலான நிறுவனங்களுக்கு மாறியவர்களே. ஆகவே முதல் வேலையை, அதிலிருந்து எங்கே மாற முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கியும் சேரும் தேதி வராதவர்கள் முதலில் காத்திருப்புக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானதை அடுத்து நம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் புதியவர்களைச் சேர்ப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டன. 2022க்குப் பிறகும் அதுவே நடந்தது. அந்தக் கடிதத்தை நம்பி வீட்டில் இருப்பதைவிட, வேறொரு வேலையில் சேர்ந்துகொண்டு தேதி வந்தால் அப்போது முடிவெடுப்பதே நல்லது. 'இந்த ஆண்டு பேட்ச் மட்டும்' என்ற நிபந்தனையும் நினைவில் இருக்கட்டும். ஏப்ரலில் அந்த ஆண்டுப் பட்டதாரிகளை மொத்தமாக எடுக்கும் வழக்கமுள்ள ஜப்பானில், 1990களின் சரிவில் அந்த வாசலைத் தவறவிட்டவர்களில் பலர் தற்காலிக வேலைகளிலேயே தேங்கிவிட்டனர். அவர்களில் பலர் நாற்பதைத் தொட்ட பிறகு, 2019இல்தான் அரசு அவர்களுக்கெனத் தனித் திட்டம் அறிவித்தது. எனவே ஃபிரஷர் தகுதி இருக்கும்வரை ஆஃப்-கேம்பஸ் தேர்வுகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு வாய்ப்புகள் கையில் இருந்தால், ஓராண்டு கழித்து அடுத்த நேர்காணலில் எதைப் பற்றி விவரமாகப் பேச முடியும் என்று கேட்டுப் பாருங்கள். இயந்திரவியல் படித்த ஒருவருக்கு கால் சென்டர் வேலையும், அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு வேலையும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் மாதம் சில ஆயிரம் குறைவாக இருக்கலாம். ஆனால் வரைபடத்தைப் பார்த்து மைக்ரோமீட்டரில் அளந்து, நிராகரித்த பாகத்துக்குக் காரணம் எழுதி, வாடிக்கையாளர் நிறுவனத்தின் தணிக்கையாளர் முன் அதை விளக்கிய அனுபவம் பெரிய வாகன நிறுவனத்தின் கதவைத் தட்ட உதவும். வீட்டுச் செலவுக்கு அந்தச் சில ஆயிரமே முக்கியமென்றால் கால் சென்டருக்குப் போவதில் தவறில்லை. துறைத் தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலையே கிடைக்காதவர்கள், ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி தரும், மத்திய அரசின் 'நாட்ஸ்' (NATS) அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி முடிவில் சான்றிதழ் உண்டு.

மந்தநிலையில் பெருகுவது, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிகளின் வியாபாரம். டெபாசிட் கேட்பவரையும் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவரையும் தவிர்த்துவிடுங்கள். போலி அனுபவச் சான்றிதழ் இன்னும் ஆபத்தானது. பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தாலே யார் எந்த மாதம் எங்கே வேலை செய்தார் என்பது தெரிந்துவிடும். சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்னும் இதற்காக வேலையை விட்டு அனுப்புவார்கள்.

கல்விக்கடன் உள்ளவர்கள் தவணை தொடங்கும் முன்பே வங்கிக் கிளைக்குப் போய்ப் பேச வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் படிப்புக்காலத்துக்கு மேல் ஓராண்டு அவகாசம் உண்டு. வேலையில்லாத காலத்துக்கும் வருமானம் குறைந்த காலத்துக்கும் தவணையைத் தள்ளிவைக்க அதில் இடமிருக்கிறது. கேட்காதவருக்கு எந்தக் கிளையும் தானாகச் சொல்வதில்லை. எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வேலையிலிருந்து விடுவித்த கடிதம் ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் உங்கள் துறையில் ஆள் எடுப்பு மீண்டும் சூடுபிடிக்கும்போது விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். புதிய நிறுவனம் பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால், மந்தநிலைச் சம்பளமே அடுத்த வேலைக்கும் தொடர்ந்து வந்துவிடும். அந்தப் பதவிக்குச் சந்தையில் இன்று என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தொகையைக் கேளுங்கள்.