ஜெர்மனியில் நண்பர்கள் கிடைக்காமல் போவது எதனால்? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அக்டோபரில் பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் தொடங்கும்போது டோர்ட்முண்டுக்குப் புதிதாக நம் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஜனவரி இருட்டில் அவர்களில் யாராவது எனக்கு ஃபோன் செய்வார்கள். "அக்கா, இந்த ஊர் ஆளுங்க பழகவே மாட்டேங்கிறாங்க." என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், வந்த புதிதில் நான் செய்த அதே காரியங்களைத்தான் சொல்கிறார்கள். நேரத்துக்குப் போவது, வாசலில் செருப்பைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாரம் ஒரு கூட்டம் என்று அலைவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாட்டவர் சந்திப்பு என்று எங்கே போட்டிருந்தாலும் போய்விடுகிறார்கள். இந்த வெள்ளி ஒரு பார், அடுத்த வெள்ளி போர்டு கேம், அதற்கடுத்து ஊர் சுற்றிப் பார்ப்பது. எந்த நாடு, என்ன வேலை, எப்போது வந்தீர்கள் என்பதற்கு மேல் பேச்சு போகாது. நம்பர் வாங்கிக்கொண்டு கலைவார்கள். அடுத்த முறை போனால் எல்லாம் வேறு முகங்கள்.

கோவையிலிருந்து வந்த ஒரு தம்பி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தான். காய்ச்சலில் படுத்த அன்று மருந்துக்கடைக்குப் போய்வரச் சொல்ல அவனுக்கு ஒரு ஆள் இல்லை. ஃபோன் நிறைய நம்பர் இருந்தும், வேறு ஊரில் இருந்த என்னைத்தான் கூப்பிட்டான்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து ஒருவர் சாதாரண நண்பராவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மாலையில் இருபது பேரோடு பேசிவிட்டு வந்தால் யாரோடும் அந்த நேரம் சேராது.

ஜெர்மானியர்களுக்கு அந்த நேரம் ஃபெராயினில் சேர்கிறது. ஃபெராயின் என்பது சங்கம். ஏழு பேர் கூடினால் பதிவு செய்துவிடலாம். அதனால் விளையாட்டு, பாட்டு, மலைநடை, தோட்டம் என்று எதற்கும் ஒன்று இருக்கும். சின்ன ஊர்களில் தீயணைப்புப் படையே உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். பெரும்பாலான விளையாட்டுச் சங்கங்களில் முதல் ஓரிரு வாரம் காசில்லாமல் போய்ப் பார்க்கலாம், பிடித்தால் சந்தா கட்டிச் சேரலாம். சேரும்போது விலகும் விதியையும் படித்துவிடுங்கள். ஆண்டு முடிவில் மட்டுமே விலக முடியும் என்று பல இடங்களில் வைத்திருப்பார்கள்.

அந்தத் தம்பியை ஒரு டேபிள் டென்னிஸ் சங்கத்தில் சேரச் சொன்னேன். சேர்ந்தான். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு டிராம் பிடிக்க ஓடினான்! மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் ஒரு மேசையில் உட்கார்ந்து பீர் குடித்தபடி பேசுவார்கள். பழக்கம் உண்டாவது அங்கேதான். குடிக்காதவர்கள் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லே வாங்கி உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கோடை விழாவுக்கு மேசை தூக்க யார், கேக் கொண்டுவர யார் என்று ஒரு தாள் சுற்றி வரும். அதில் கட்டாயம் உங்கள் பெயரை எழுதுங்கள். அவன் எலுமிச்சை சாதம் என்று எழுதினான். அந்தக் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய் தவறாமல் போனான். பிறகு அவன் வீடு மாறியபோது வேன் ஓட்டி வந்து சோபாவை மூன்றாம் மாடிக்கு ஏற்றியது அந்த டேபிள் டென்னிஸ்காரர்கள்தான்.

பிடிகொடுக்காமல் பதில் சொல்வது

இங்கே ஒருவர் காபி குடிக்கக் கூப்பிட்டால் காலண்டரை எடுத்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு சொல்வார். அது உங்களைத் தட்டிக்கழிப்பது இல்லை. உங்களுக்காக ஒரு நாளை நிஜமாகவே எடுத்து வைக்கிறார். "முடிந்தால் வருகிறேன்" என்று இழுக்காதீர்கள். வருவதாகச் சொல்லிவிட்டு அன்று காலையில் முடியாது என்று மெசேஜ் அனுப்பினால், பெரும்பாலும் அடுத்த அழைப்பு வராது.

ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுவது

ஆபீஸில் ஓடும். பீர் மேசையில் ஓடாது. ஜெர்மன் மொழியைப் பி1 எனப்படும் இடைநிலை வரையாவது படியுங்கள்.

முன்கூட்டியே பிறந்தநாள் வாழ்த்து

வேண்டாம். இங்கே அதைத் துரதிர்ஷ்டம் என்பார்கள். அப்புறம், உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான்.

ஈழத்தமிழர்களோடு பழகாமல் இருப்பது

ஐடி வேலைக்கு வருபவர்கள் தங்கள் கம்பெனி ஆட்களோடு மட்டும் பொங்கல் கொண்டாடிவிட்டு இருந்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இலங்கையிலிருந்து 1980-களில் அகதிகளாக வந்து வேர்பிடித்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். ஒருமுறை போய் வரிசையில் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்த நாட்டு அலுவலகம், பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மொழி தெரியாமல் கடந்து வந்தவர்கள் அவர்கள். அந்த அனுபவத்தை உங்களுக்குத் தமிழிலேயே சொல்வார்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். கோடை விடுமுறையில் பல சங்கங்களில் பயிற்சி இருக்காது, ஆள் இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே எனப்படும் மக்கள் கல்விக்கூடங்களில் இலையுதிர்கால வகுப்புகள் செப்டம்பர் வாக்கில் தொடங்கும். சமையல், மட்பாண்டம் போன்றவை சீக்கிரம் நிரம்பிவிடும். பட்டியல் வந்ததுமே பதிந்துவிடுங்கள்.