ஊர்ல தனியா இருக்கற அப்பா அம்மாவுக்கு மாசப் பணத்தை எப்படி ஒழுங்கு பண்றது

எங்க தெருவுல பாதி வீட்ல வயசானவங்க மட்டும்தான் இருக்காங்க, பசங்க எல்லாம் பெங்களூரு, துபாய்னு போயாச்சு. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க நூத்துக்கு 10 பேர், 2031ல அது 18 ஆகும்னு மத்திய அரசோட கணிப்பு. அதனால நம்ம எல்லார் வீட்டுக்கும் இது வரத்தான் போகுது, இப்பவே உக்காந்து பண்ணிடுங்க.

மொதல்ல ஒரு நோட்டு போட்டு ரெண்டு மாசம் செலவை அவங்களையே எழுதச் சொல்லுங்க. கேஸ், கரண்ட் பில், மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, எல்லாம். மொய்யை மட்டும் விட்றாதீங்க, தை, ஆவணில அது மாத்திரை செலவையே தாண்டிடும், அதை நிறுத்துங்கன்னும் சொல்லாதீங்க, ஊர்ல அவங்க மரியாதை அதுலதான் இருக்கு.

அடுத்து கையில இருக்கற மொத்தப் பணம். ரிட்டயர்மெண்ட் பணமோ நிலம் வித்த காசோ வட்டிக்கு விட்டோ சீட்டு கட்டியோ தொலைச்சவங்களை நிறைய பாத்திருக்கேன், தயவுசெஞ்சு போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போடுங்க. பொதுவா 60 வயசு முடிஞ்சிருக்கணும், 2023 ஏப்ரல்ல இருந்து ஒருத்தர் 30 லட்சம் வரை போடலாம், அப்பா பேர்ல தனியா அம்மா பேர்ல தனியா போடலாம். 2025ல வட்டி 8.2 சதவீதம், நீங்க போடற அன்னிக்கு என்ன வட்டியோ அதுவே 5 வருஷத்துக்கும். 10 லட்சம் போட்டா மூணு மாசத்துக்கு ஒருக்கா 20,500 வரும். ஆனா நடுவுல எடுத்தா பிடிப்பாங்க, ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா வட்டியே கிடையாது, அதனால ஆறு மாச செலவுக்கான காசை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல தனியா வெச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு மெடிக்கல்ல மாசாமாசம் கொட்ட வேண்டாம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து தர்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்தா போதும். இன்சூரன்ஸ் கார்டு இருந்தா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க, எந்த ஆஸ்பத்திரில எந்த வைத்தியத்துக்கு எடுத்துக்கறாங்கன்னு நல்லா இருக்கும்போதே போய் கவுண்டர்ல கேட்டு எழுதி வெச்சுக்கங்க. அப்புறம் பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வெச்சுடுங்க, வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சா ஆபரேஷன்லயே அந்த வருஷ வட்டி மொத்தமும் போயிடும்.

இப்ப வீடு. இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். முத்திரைக் கட்டணம் கம்மின்னு அவசரப்பட்டு பிள்ளைங்க பேருக்கு செட்டில்மெண்ட், அதாவது சொத்தை இப்பவே எழுதிக் குடுக்கற பத்திரம், எழுத வெக்காதீங்க. எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா அப்படி எழுதிக் குடுத்துட்டு, சாப்பாட்டுக்கு மகன் வீட்டுக்கும் மக வீட்டுக்கும் அலைஞ்சாரு, அதைப் பாத்த வேதனை இன்னும் போகல. செட்டில்மெண்ட் எழுதின அன்னிக்கே சொத்து கை மாறிடும், உயில்னா அவங்க காலத்துக்கு அப்புறம்தான், நடுவுல எப்ப வேணா மாத்தவும் செய்யலாம். செட்டில்மெண்ட் எழுதியே ஆகணும்னா கடைசி வரை பராமரிக்கணும்ங்கற கண்டிஷனை பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க, அப்பத்தான் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கிட்ட மனு போட்டு ரத்து பண்றதுக்கு பலம் இருக்கும். ஏற்கனவே எழுதிக் குடுத்து கஷ்டப்படறவங்க 14567க்கு போன் பண்ணட்டும், அது முதியோருக்கான ஹெல்ப்லைன், காசு கிடையாது.

துணைக்கு ஆள் வேணும்னா டவுன் ஏஜென்சிக்கு ஓடறதுக்கு முன்னாடி தெருவுல கேளுங்க. எங்க தெருவுல ஒரு அக்கா காலைல நாலு வீட்டுக்குப் போய் பிரஷர் பாத்து, மாத்திரை எடுத்துக் குடுத்து, பேங்க் வேலையும் முடிச்சுத் தர்றாங்க, வீட்டுக்கு இவ்ளோன்னு நாலு வீட்லயும் சேர்ந்து மாசச் சம்பளம் தர்றோம். நர்சிங் அசிஸ்டெண்ட் படிச்சுட்டு சும்மா இருக்கற பொண்ணுங்க நம்ம ஊர்ல எத்தனையோ பேரு, அவங்களுக்கு உள்ளூர்லயே நிலையான வருமானம், நமக்கும் தெரிஞ்ச ஆளுங்கற தைரியம். என்னென்ன வேலை, லீவு எப்ப, சம்பளம் என்னிக்குன்னு மொத நாளே பேசி எழுதிடுங்க, சம்பளத்தை அஞ்சாம் தேதிக்குள்ள அவங்க அக்கவுண்ட்லயே போட்டுடுங்க.