விருதைத் திருப்பி அனுப்புவது எப்படி: ஒரு தபால் குமாஸ்தாவின் யோசனை

வடசென்னைத் தபால் நிலையங்களில் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான். வீடு தண்டையார்பேட்டை. எங்கள் தெரு டீக்கடையில் சாயங்காலம் கூடுகிறவர்களில் பாதிப் பேர் கவிஞர்கள், அதில் விருது வாங்கியவர்களும் உண்டு. வாங்கிய விருது யாருக்காவது உறுத்த ஆரம்பித்தால், பார்சல் எப்படிக் கட்டுவது என்று கேட்டு என்னிடம் வருவார்கள். பார்சல் கடைசி வேலை, முதலில் உட்காருங்கள் என்பேன்.

விருது கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள், அல்லது எதைச் செய்யாமல் விட்டார்கள்? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கலாம், விருது எங்கும் ஓடிவிடாது. 2015இல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 30 அன்று கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியைத் தார்வாடில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 'உங்கள் விருதாளரையே கொன்றிருக்கிறார்கள், நீங்கள் ஏன் உரக்கக் கண்டிக்கவில்லை?' என்பதுதான் அகாதெமியிடம் கேட்கப்பட்ட கேள்வி. செப்டம்பரில் இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷ் தன் விருதைத் திருப்பித் தந்து தொடங்கிவைத்தார். அக்டோபரில் எழுத்தாளர்கள் நயன்தாரா சாகல், அசோக் வாஜ்பாயி என்று வரிசையாகச் சேர்ந்து, எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. அக்டோபர் 23 அன்று எழுத்தாளர்கள் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு டெல்லியில் ஊர்வலம் போனார்கள். அன்றைக்கே அகாதெமியின் செயற்குழு கூடிக் கொலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, திருப்பித் தந்த விருதுகளை மறுபடி வாங்கிக்கொள்ளும்படியும் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டது. கேள்வி குறிப்பாக இருந்ததால்தான் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலை வந்தது. நாட்டில் எல்லாமே கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தால், ஆமாம் சார் என்று ஃபைலில் போட்டு மூடியிருப்பார்கள்.

விருது இன்னும் கைக்கு வரவில்லையா? அப்படியானால் வேலை சுலபம். 2023 பிப்ரவரியில் கவிஞர் சுகிர்தராணி செய்தது அதுதான். ஓர் ஆங்கில நாளிதழ்க் குழுமத்தின் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. விழாவின் முதன்மை நிதியாளர் அதானி குழுமம் என்று தெரிந்ததும், தன் எழுத்துக்கும் அரசியலுக்கும் அது ஒத்துவராது என்று வாங்க மறுத்துவிட்டார். மேடை ஏறுவதற்கு முன் பணம் யாருடையது என்று விசாரிப்பது நல்ல பழக்கம். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் காகிதத்தையும் படித்துப் பாருங்கள். பின்னால் அரசியல் காரணம் காட்டித் திருப்பித் தர மாட்டேன் என்று விருதாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என 2023 ஜூலையில் ஒரு நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரை செய்திருக்கிறது.

அடுத்தது கடிதம். இதற்குத்தான் நேரம் செலவாகும், செலவாகட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் கவிஞர், ஓர் அமைப்பு கொடுத்த விருதைத் திருப்பித் தர முடிவு செய்தார். அமைப்பின் பெயர் வேண்டாம். அவர்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் தன் காலனியைப் பற்றிக் கவிதை வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் மைக்கை அணைத்திருக்கிறார்கள். இவர் எழுதி வந்த கடிதத்தில் நலம் விசாரிப்பு இருந்தது, பாரதி இருந்தார், பெரியார் இருந்தார், நடுவில் பழைய ராயல்டி பாக்கியும் இருந்தது. எல்லாம் நியாயம்தான். ஆனால் ராயல்டி பாக்கியைப் பார்த்த கண்ணுக்கு மைக் தெரியாது. அடித்து அடித்துக் கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'உங்கள் அமைப்பு எனக்கு அளித்த கவிதை விருதைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மேடையில் கவிதை வாசித்துக்கொண்டிருந்தவரின் மைக் பாதியில் அணைக்கப்பட்டது. அன்று மேடையில் இருந்த நிர்வாகிகள் எவரும் இதுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வாசிக்க அழைக்கும்வரை இந்த விருது என்னிடம் இருக்க முடியாது.'

"இவ்ளோதானாண்ணே?" என்றார்.

"இவ்ளோதாம்மா. மிச்சத்தைக் கவிதையா எழுது."

வசவு கூடவே கூடாது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு, 1919 மே மாதக் கடைசியில் தாகூர் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வசவு கிடையாது. சர் பட்டத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் சுட்டது.

கடிதத்தை முடிவெடுக்கக்கூடியவர் பெயருக்கு அனுப்புங்கள். சாகித்திய அகாதெமி என்றால் சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை குணா கட்டடத்தில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமலே போய்விடலாம். அங்கே நகல் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் போக வேண்டியது செயலாளர், ரவீந்திர பவன், பெரோஸ்ஷா சாலை, புதுதில்லி 110001. பத்திரிகைக்குக் கொடுப்பதாக இருந்தால் அதே கடிதத்தைக் கொடுங்கள், தனியாக ஓர் அறிக்கை தயாரிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வார்த்தை மாறினாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

பணம்தான் பலரும் தடுமாறும் இடம். அகாதெமி விருதுத் தொகை இப்போது 1 லட்சம் ரூபாய், 1955இல் தொடங்கியபோது 5,000. வாங்கிய தொகை எவ்வளவோ அதையே கொடுங்கள், வட்டி போட வேண்டாம். வீட்டில் கலந்து பேசிய பிறகு செக் எழுதுங்கள். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணம் செலவாகியிருந்தால், பட்டயத்தை மட்டும் அனுப்பி, தொகையை இன்ன தேதிக்குள் தருகிறேன் என்று கடிதத்திலேயே சொல்லிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செக் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் அவர்கள் வங்கியில் போடாவிட்டால் பணம் உங்கள் கணக்கிலேயே கிடக்கும். அப்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவைக்க வேண்டும்.

சரி, பார்சல். செப்புப் பட்டயத்தைப் பழைய வேட்டியில் சுற்றி அட்டைப்பெட்டியில் ஆடாமல் வையுங்கள். கண்ணாடி ஷீல்டுக்குத் தெர்மகோல் வேண்டும், உடைந்து போய்ச் சேர்ந்தால் கோபத்தில் உடைத்து அனுப்பினார் என்று செய்தி வரும். பொன்னாடையை அனுப்ப வேண்டாம். எங்கள் பக்கத்துப் பொன்னாடைகள் ஏற்கெனவே நாலு தோள் பார்த்தவை. கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியையும் கேட்டு வாங்குங்கள். ரசீது மை சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

அப்புறம் போன் வரும். விளம்பரம் என்பார்கள். அன்றைக்கு நடந்ததற்கு ஏன் கொடுக்கவில்லை என்பார்கள். விருதால் வந்த புகழை எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று 2015இல் அகாதெமித் தலைவரே கேட்டார். புகழ் வாசகர் கொடுத்தது, கமிட்டி கொடுத்தது பட்டயமும் செக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். திருப்பித் தராத நண்பர்களை மட்டும் சீண்டாதீர்கள். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்கு.

விருதைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்று பார்சலை உங்களுக்கே அனுப்பிவைக்கவும் கூடும். கோரிக்கை நிறைவேறாமல் அது வந்தால் வாங்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் 'மறுக்கப்பட்டது' என்று தபால்காரர் எழுதிக்கொண்டு போவார். அவரிடம் விளக்கம் சொல்லி நிறுத்திவைக்காதீர்கள், பையில் இன்னும் பத்து வீட்டுத் தபால் இருக்கும்.