மெஷினில் கை போனால் இ.எஸ்.ஐ. பணம் வாங்குவது எப்படி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தேன். 2019 டிசம்பரில் வலது கையின் நான்கு விரல்களும் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் மிச்சம். அப்புறம் பிரஸ் ஓட்ட முடியவில்லை. இன்று இ.எஸ்.ஐ.யிலிருந்து (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வருகிறது என்றால், அன்று ஆஸ்பத்திரியில் எழுதிய ஒரு வரிதான் காரணம்.

துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றும்போதே சூப்பர்வைசர், "வீட்டுல கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு தம்பி, செலவ நாங்க பாத்துக்கிறோம்" என்றார். இருந்த வலியில் நான் அப்படியே சொல்லியிருப்பேன். கூட வந்த பக்கத்து மெஷின் அண்ணன் முந்திக்கொண்டு, "டியூட்டில பிரஸ்ல மாட்டிக்கிச்சு சார், காலைல பதினொன்றரைக்கு" என்று டாக்டரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், அதுவே ஏறியது. வீட்டில் அடிபட்டது என்று ஏறியிருந்தால், வேலையில் நடந்த விபத்து என்று நிரூபிக்கவே வருடக்கணக்கில் அலைந்திருப்பேன்.

அதனால் கூட இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லி, ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி படிவம் 12-இல் விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு உடனே அனுப்ப வேண்டும். இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு, எனக்குக் கிடைக்குமா?" என்று பல பேர் கேட்கிறார்கள். கிடைக்கும். காய்ச்சல், நோய் என்றால்தான் இத்தனை நாள் சந்தா என்ற கணக்கு. வேலையில் விபத்து என்றால் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. சந்தாவாகப் பிடித்த 0.75 சதவீதத்தைக் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தாலும் அது உங்கள் குற்றமில்லை. அதைக் கம்பெனியிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ.யின் வேலை. வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், நேரமும் பாதையும் பொருந்தினால், இதில் சேரும்.

சிகிச்சை நடக்கும் காலத்தில் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் தரும் சர்ட்டிபிகேட்டில் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. அந்த நாட்களில் வேறு எங்கும் வேலைக்குப் போகவும் கூடாது.

டாக்டர் கடைசி சர்ட்டிபிகேட் கொடுத்ததும் இந்தப் பணம் நின்றுவிடும். பலர் இதோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நிரந்தர ஊனத்துக்கான பணம் இதற்குப் பிறகுதான். தள்ளிப்போடாமல் மெடிக்கல் போர்டுக்கு (ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழு) அனுப்பச் சொல்லி கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதைப் போர்டு சதவீதமாகச் சொல்லும். சில காயங்களுக்குச் சட்ட அட்டவணையே உண்டு: ஒரு கையில் நான்கு விரல் போனால் 50, மூன்று போனால் 30, கட்டைவிரல் போனால் 30. விரல் இருந்தும் அடியோடு செயலிழந்துவிட்டால், போனதாகவே கணக்கு. சராசரி நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 450. என்னைப் போல 50 சதவீதம் என்றால் நாளுக்கு 225, முப்பது நாளுக்கு 6,750. இது ஆயுள் முழுக்க வரும். வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது.

அட்டவணையில் இல்லாத காயம் என்றால் போர்டு பார்த்து முடிவு செய்யும். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கொண்டுபோங்கள். என்னைச் சட்டைப் பொத்தான் போடச் சொன்னார்கள். பழக்கத்தில் இடது கை முன்னால் போனது, என் மனைவி தடுத்து, "அடிபட்ட கையாலே செஞ்சு காட்டுங்க" என்றாள். உங்களால் முடியாததை முடியாது என்றே காட்டுங்கள். நீங்கள் என்ன வேலை செய்துவந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சதவீதம் குறைவாகப் பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தச் சதவீதம் வேறு, அரசு டாக்டர் தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழின் சதவீதம் வேறு. பஸ் சலுகை போன்றவற்றுக்கு அந்தச் சான்றிதழும் யு.டி.ஐ.டி. கார்டும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தான் வேண்டும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு உயிர்ச்சான்று கேட்பார்கள், தவறாமல் கொடுங்கள். பேங்க் கணக்கை மாற்றினால், பழையதை மூடுவதற்கு முன்பே கிளை அலுவலகத்தில் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.