ப்ராக்ஸ்மாக்ஸ் வி.எம்.களுக்கு ட்ரூநாஸ் ஸ்டோரேஜ் இணைப்பது எப்படி? என்.எஃப்.எஸ்., ஐஸ்கஸி இரண்டும்

வி.எம்.கள் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடுவது ப்ராக்ஸ்மாக்ஸ் உள்ள ஒரு பெட்டியில், அவற்றின் டிஸ்க் இருப்பது ட்ரூநாஸ் உள்ள இன்னொரு பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியே ஸ்டோரேஜ் தரும் நாஸில். இப்படிப் பிரித்து வைத்தால் ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் நோடிலிருந்து (வி.எம்.களை ஓட்டும் கணினி) இன்னொன்றுக்கு வி.எம்.மை ஓடும்போதே மாற்றலாம். டிஸ்க் இடம் மாறுவதில்லை, மெமரி மட்டும்தான் மாறுகிறது. ஒரு நோடு செத்தாலும் டிஸ்க் பத்திரமாக நாஸில் இருக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவியாகிவிட்டது, ட்ரூநாஸில் பூல் (டிஸ்குகளைச் சேர்த்து அமைத்த பொது இடம்) தயார் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேல் உள்ளதை மட்டும் எழுதுகிறேன். மெனுப் பெயர்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் மாறும், வேலை மாறாது.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஸ்டோரேஜை வி.எம்.முக்குள் மவுன்ட் செய்வதா, ஹோஸ்டில், அதாவது வி.எம். ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸில் இணைப்பதா? வி.எம்.மின் டிஸ்க்கே நாஸில் இருக்க வேண்டுமென்றால் ஹோஸ்டில்தான். படங்கள், ஆவணங்கள் போன்ற பொதுக் கோப்புகளை வி.எம். படித்தால் போதும் என்றால் உள்ளேயே மவுன்ட் செய்துகொள்ளலாம். இங்கே பேசுவது முதல் வகை.

அடுத்த கேள்வி, என்.எஃப்.எஸ்.ஸா ஐஸ்கஸியா? என்.எஃப்.எஸ். நாஸின் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்கிறது, ஐஸ்கஸி வெறும் டிஸ்கையே பகிர்கிறது. புதிதாகத் தொடங்குபவர் என்.எஃப்.எஸ்.ஸில் தொடங்குங்கள். தப்பு நடந்தால் கோப்புகளைக் கண்ணால் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம், ஸ்னாப்ஷாட்டும் (அந்த நொடியின் நிலையைப் பதிந்து வைப்பது) சிரமமில்லாமல் கிடைக்கும். ஐஸ்கஸி நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் அதில் செய்யும் ஒரு தப்பு மொத்த டேட்டாவையும் கொண்டுபோய்விடும்.

படி 1: தனி நெட்வொர்க்

ஸ்டோரேஜுக்குத் தனி நெட்வொர்க் கார்டு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் குறைந்தது தனி வி.லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்). உதாரணமாக நாஸுக்கு 192.168.50.10, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 192.168.50.21, இரண்டுக்கும் /24. இந்த நெட்வொர்க்கில் கேட்வே எதுவும் போட வேண்டாம். ரவுட்டரோ ஃபயர்வாலோ நடுவில் வரக்கூடாது.

வேகம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 1 கிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்.பி.தான் கிடைக்கும். இரண்டு மூன்று வி.எம்.களுக்கு அது போதும். பத்து வி.எம்.கள் ஒரே நேரத்தில் அப்டேட் ஆனால் போதாது, அப்போது 10 கிகாபிட் வேண்டும்.

இனி எம்.டி.யூ., அதாவது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு. வேகம் கூடும் என்று கேள்விப்பட்டு பலரும் இதை 9000 ஆக்கிவிடுகிறார்கள். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றிக்கொண்டே எதுவும் வேலை செய்யாத நிலை வருவது இங்கேதான். பிங் போகும். ஷேர் பட்டியல் தெரியும். மவுன்ட் கூட ஆகிவிடும். ஒரு பெரிய கோப்பை எழுதத் தொடங்கியதும் அப்படியே உறைந்து நிற்கும், எர்ரர் மெசேஜ் எதுவும் வராது.

காரணம் இதுதான். டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தங்களால் ஏற்க முடிந்த பாக்கெட் அளவைச் சொல்லிக்கொள்கின்றன. ஒரு முனையில் 9000, மறுமுனையில் 1500 என்றால் சின்ன அளவுக்கு இறங்கிக்கொண்டு பெரும்பாலும் வேலை நடந்துவிடும். இரு முனையிலும் 9000 இருந்து, நடுவில் உள்ள சுவிட்ச் மட்டும் 1500-லேயே இருந்தால்தான் விபரீதம். பெரிய பாக்கெட்டை சுவிட்ச் ஓசையில்லாமல் கீழே போட்டுவிடும், அனுப்பியவருக்குத் தகவல் எதுவும் வராது. சாதாரண பிங்கும் ஷேர் பட்டியலும் சின்ன பாக்கெட்டுகள் என்பதால் தப்பித்துவிடுகின்றன.

சோதிப்பது எளிது. ப்ராக்ஸ்மாக்ஸ் ஷெல்லில், பாக்கெட்டைத் துண்டு போடாதே என்ற ஆப்ஷனோடு 8972 அளவில் நாஸுக்கு பிங் அடியுங்கள். 9000-இல் ஐ.பி. தலைப்புக்கு 20 பைட், ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8 பைட் கழித்தால் 8972. பதில் வந்தால் பாதை முழுவதும் சரி. பதில் வராமல், 1472 அளவில் மட்டும் வந்தால் நடுவில் ஏதோ ஒன்று 1500-இல் நிற்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் பிரிட்ஜில் (வி.எம்.களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) மட்டும் 9000 போட்டு, அதன் அடியில் இருக்கும் நிஜ நெட்வொர்க் கார்டை 1500-லேயே விட்டிருப்பதும் வழக்கமாக நடக்கும் தப்பு. இரண்டிலும் போட வேண்டும்.

என் பரிந்துரை: 1 கிகாபிட்டில் எம்.டி.யூ.வைத் தொடவே வேண்டாம். கிடைக்கும் லாபம் கொஞ்சம், வரும் தலைவலி அதிகம். 10 கிகாபிட்டுக்குப் போனபிறகு, சுவிட்சில் ஜம்போ ஃப்ரேம் (9000 போன்ற பெரிய பாக்கெட்டை ஏற்கும் வசதி) திறந்து, மேலே சொன்ன சோதனையும் தேறியபின் மாற்றுங்கள்.

படி 2: ட்ரூநாஸில் என்.எஃப்.எஸ். ஷேர்

வி.எம்.களுக்கென்று தனி டேட்டாசெட் (பூலுக்குள் தனியாக அமைக்கும் பகுதி) உருவாக்குங்கள். குடும்பப் படங்கள் இருக்கும் டேட்டாசெட்டிலேயே வி.எம்.களையும் போடாதீர்கள், பின்னால் ஸ்னாப்ஷாட் திட்டம் இரண்டுக்கும் ஒத்துவராது. பிறகு 'ஷேர்ஸ்' பக்கத்தில் யூனிக்ஸ் (என்.எஃப்.எஸ்.) ஷேர் சேர்த்து, அந்த டேட்டாசெட்டின் பாதையைக் கொடுங்கள். நெட்வொர்க் பகுதியில் 192.168.50.0/24 என்று அடைத்துவிடுங்கள். திறந்து வைத்தால் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் எந்தக் கணினியும் உங்கள் வி.எம். டிஸ்குகளைத் திறக்கலாம்.

இனி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்து, 'மேப்ரூட் யூசர்' என்ற இடத்தில் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) என்று கொடுங்கள். இதை விட்டால் அடுத்த படியில் 'பெர்மிஷன் டினைடு' வரும். என்.எஃப்.எஸ். சர்வர் இயல்பாக, எதிர்முனையிலிருந்து வரும் ரூட் பயனரை நம்பாது. அதிகாரமில்லாத 'நோபடி' பயனராக மாற்றிவிடும். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லாவற்றையும் ரூட்டாகவே எழுதுகிறது. ஷேரை இணைத்ததும் உள்ளே 'இமேஜஸ்' என்ற ஃபோல்டரை உருவாக்கப் பார்க்கும், அங்கேயே தடுக்கப்படும். இதற்குத் தீர்வாக ஃபோல்டருக்கு எல்லா அனுமதியும் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன. அது வேண்டாம். மேப்ரூட் ஒன்றே போதும், கூடவே நெட்வொர்க்கை அடைத்திருப்பதால் அபாயமும் குறைவு.

படி 3: ப்ராக்ஸ்மாக்ஸில் சேர்ப்பது

'டேட்டாசென்டர்', 'ஸ்டோரேஜ்', 'ஆட்', 'என்.எஃப்.எஸ்.' என்று போங்கள். ஐ.டி.க்கு ஒரு சின்னப் பெயர், சர்வருக்கு 192.168.50.10. 'எக்ஸ்போர்ட்' பெட்டியைச் சொடுக்கினால் ஷேர் பாதை தானாகவே வர வேண்டும். வரவில்லையென்றால் நாஸில் என்.எஃப்.எஸ். சேவை ஓடுகிறதா, 111, 2049 போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 'கன்டென்ட்' பகுதியில் டிஸ்க் இமேஜைத் தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்புகளையும் இங்கேயே வைக்கலாம். பேக்கப்பை மட்டும் இங்கே வைக்காதீர்கள். டிஸ்க் இருக்கும் அதே பூலில் இருக்கும் பேக்கப், பூல் போனால் கூடவே போகும்.

படி 4: வி.எம்.முக்கு டிஸ்க்

புது டிஸ்க் சேர்க்கும்போது பஸ் 'ஸ்கஸி', கன்ட்ரோலர் 'விர்ட்டியோ ஸ்கஸி சிங்கிள்', ஃபார்மட் 'க்யூகவ்-2', கேஷ் 'நோ கேஷ்', கூடவே 'டிஸ்கார்டு', 'ஐ.ஓ. த்ரெட்' இரண்டுக்கும் டிக். க்யூகவ்-2 கொடுக்கக் காரணம், என்.எஃப்.எஸ்.ஸில் 'ரா' ஃபார்மட் டிஸ்க்குக்கு ப்ராக்ஸ்மாக்ஸில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. விண்டோஸ் வி.எம். என்றால் விர்ட்டியோ டிரைவர் ஐ.எஸ்.ஓ.வையும் மாட்டி வையுங்கள், இல்லாவிட்டால் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது.

ஏற்கெனவே உள்ளூர் டிஸ்கில் இருக்கும் வி.எம்.மை மாற்ற, 'ஹார்டுவேர்' பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்து 'டிஸ்க் ஆக்‌ஷன்', 'மூவ் ஸ்டோரேஜ்'. வி.எம். ஓடும்போதே நடக்கும். பழைய டிஸ்க் 'அன்யூஸ்டு' என்று கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும். புதியதில் ஒருமுறை பூட் ஆனதைப் பார்த்தபின் அழியுங்கள்.

வேகம் படுமோசம் என்றால்

ஹார்டு டிஸ்க் மட்டுமே உள்ள பூலில், என்.எஃப்.எஸ். வழியாக விண்டோஸ் நிறுவினால் ஆமை வேகத்தில் போகும். டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு முறையும் அது நிஜமாகப் பதிந்ததா என்று உறுதி கேட்டுக்கொண்டுதான் அடுத்தது நகர்கிறது. டேட்டாசெட்டில் 'சிங்க்' என்பதை 'டிஸேபிள்டு' ஆக்கினால் வேகம் பறக்கும், உண்மைதான். கரண்ட் போனால் கடைசிச் சில நொடிகளில் எழுதியது காணாமல் போகும், வி.எம். மட்டும் எழுதிவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் ஓடும் வி.எம்.முக்கு இதைச் செய்யவே கூடாது. சரியான வழி, மின்தடைப் பாதுகாப்பு உள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை லாக் டிவைஸாக (எழுத வேண்டியதை முதலில் வேகமாகப் பதிந்து வைக்கும் டிஸ்க்) பூலில் சேர்ப்பது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. இந்த வேலைக்கு ஆகாது.

ஐஸ்கஸி 'வேகமாக இருக்கிறது' என்று பலர் சொல்வதும் இதனால்தான். அதில் வி.எம். ஃப்ளஷ் (இதுவரை எழுதியதை டிஸ்கில் பதித்துவிடு என்ற உத்தரவு) கேட்கும்போது மட்டுமே உறுதி செய்யப்படுகிறது, எழுதும் ஒவ்வொரு முறையும் இல்லை.

ஐஸ்கஸி வழி

ட்ரூநாஸில் டேட்டாசெட்டுக்குப் பதில் ஸீவால் (பூலிலிருந்து ஒரு டிஸ்க் போலப் பிரித்துத் தரும் இடம்) உருவாக்குங்கள். பிறகு ஐஸ்கஸி விஸார்டு டார்கெட் (ப்ராக்ஸ்மாக்ஸ் இணையும் பெயர்), எக்ஸ்டென்ட் (பகிரும் ஸீவால்), போர்ட்டல் (நாஸ் காத்திருக்கும் ஐ.பி. முகவரி) எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்கும். போர்ட்டலில் 0.0.0.0 என்று விடாமல் 192.168.50.10 என்றே கொடுங்கள். 0.0.0.0 கொடுத்தால் நாஸ் தன்னிடம் உள்ள எல்லா ஐ.பி.யையும் அறிவிக்கும். எட்ட முடியாத முகவரிகளிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் நுழையப் பார்த்து, லாக் முழுக்க கனெக்‌ஷன் எர்ரர் நிரம்பும். போர்ட் 3260.

ப்ராக்ஸ்மாக்ஸில் 'ஆட்', 'ஐஸ்கஸி'. போர்ட்டல் ஐ.பி. கொடுத்ததும் டார்கெட் பட்டியல் வரும். 'யூஸ் லன்ஸ் டைரக்ட்லி' டிக்கை எடுத்துவிடுங்கள் (லன் என்பது ஐஸ்கஸி வழியே வரும் டிஸ்க்). பிறகு மறுபடி 'ஆட்', இம்முறை 'எல்.வி.எம்.' (ஒரு டிஸ்கைப் பல வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் ஏற்பாடு). 'பேஸ் ஸ்டோரேஜ்' என்பதில் இப்போது சேர்த்த ஐஸ்கஸியைத் தேர்ந்து, லன்னைத் தேர்ந்து, வால்யூம் குரூப்புக்குப் பெயர் கொடுத்து, 'ஷேர்டு' டிக் செய்யுங்கள்.

முன்பே சொன்ன பெரிய தப்பு இங்கேதான் நடக்கும். லன் என்பது வெறும் டிஸ்க், அதற்குப் பூட்டு கிடையாது. அதை இரண்டு ஹோஸ்டுகளில் இ.எக்ஸ்.டி.-4 ஆகவோ என்.டி.எஃப்.எஸ். ஆகவோ மவுன்ட் செய்தால், ஒன்று எழுதுவது இன்னொன்றுக்குத் தெரியாமல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று எழுதி ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிடும். ப்ராக்ஸ்மாக்ஸின் ஷேர்டு எல்.வி.எம். இதைத் தவிர்க்கிறது, ஏனென்றால் எந்த வால்யூமை எந்த நோடு திறப்பது என்பதைக் கிளஸ்டர் கவனித்துக்கொள்கிறது. 'எல்.வி.எம்.-தின்' என்ற இன்னொரு வகை இந்த வேலைக்கு உதவாது, அதைப் பல நோடுகள் பகிர முடியாது. ஸ்னாப்ஷாட் விஷயத்திலும் கவனம்: ப்ராக்ஸ்மாக்ஸ் 9-ஆம் பதிப்புக்கு முன் ஷேர்டு எல்.வி.எம்.மில் ஸ்னாப்ஷாட்டே இல்லை. 9.0-இல் முன்னோட்ட நிலையில்தான் வந்தது.

பின்சேர்க்கை

கேள்விகளாக வந்தவற்றில் மூன்று இங்கே சேர வேண்டியவை.

ஒரு நோடை குளோன் செய்து இன்னொன்று உருவாக்கியிருந்தால் இரண்டிலும் இனிஷியேட்டர் பெயர் (ஐஸ்கஸியில் நோடு தன்னை நாஸுக்கு அடையாளம் சொல்லும் பெயர்) ஒன்றாகவே இருக்கும். இரண்டு நோடுகளையும் ஒரே ஆளாகப் பார்க்கும் நாஸில், ஒன்று நுழைந்தால் மற்றது வெளியே தள்ளப்படலாம், இணைப்பு விட்டுவிட்டு வரும். இட்சி (/etc) ஃபோல்டருக்குள் ஐஸ்கஸி ஃபோல்டரில் இருக்கும் இனிஷியேட்டர்நேம் கோப்பில் ஒவ்வொரு நோடுக்கும் தனிப் பெயர் கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

இரண்டாவது, ஐஸ்கஸி டைம்அவுட்டை 120 நொடியிலிருந்து 15 ஆக்கலாமா என்பது. அந்த 15 மல்டிபாத்துக்கானது (நாஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் வைப்பது). ஒரு கேபிள் போனால் சட்டென்று அடுத்த பாதைக்குத் தாவ அது உதவும். உங்களிடம் ஒரே பாதைதான் என்றால் குறைக்காதீர்கள். நாஸ் ரீபூட் ஆகும் நேரத்தில் 15 நொடி கடந்ததுமே எர்ரர் வி.எம்.முக்குப் போய், உள்ளே இருக்கும் லினக்ஸ் தன் டிஸ்கை ரீட்-ஒன்லி ஆக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கரண்ட் போய் வந்தபின் வி.எம்.கள் தானாக எழவில்லை என்பது. ப்ராக்ஸ்மாக்ஸ் சீக்கிரம் எழுந்துவிடும், ட்ரூநாஸ் பூலை இம்போர்ட் செய்து ஷேரைத் திறக்க நேரமெடுக்கும். நோடின் 'சிஸ்டம்', 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஸ்டார்ட் ஆன் பூட் டிலே' என்பதில் 180 நொடி கொடுத்துப் பாருங்கள். ட்ரூநாஸையே அதே ப்ராக்ஸ்மாக்ஸில் வி.எம்.மாக ஓட்டுபவர்களுக்கு இது உதவாது, அந்த டிலே முடியும்வரை ட்ரூநாஸும் எழாது. அவர்கள் ட்ரூநாஸுக்கு 'ஸ்டார்ட் ஆர்டர்' 1 கொடுத்து, அதன் 'ஸ்டார்ட்அப் டிலே'யில் 180 போட வேண்டும். அதன் சொந்த டிஸ்க் கட்டாயம் உள்ளூர் டிஸ்கில்தான் இருக்க வேண்டும்.