ஐரோப்பா டூரில் தீம் பார்க் போகலாமா வேண்டாமா? படிப்படியாக முடிவெடுப்பது எப்படி

முதல்முறை ஐரோப்பா போகிறவர்கள் பாரிஸ் என்று எழுதிய கையோடு டிஸ்னிலேண்ட் என்றும் எழுதிவிடுகிறார்கள். அதன்பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு முழுக்க டிக்கெட் விலையைச் சுற்றியே இருக்கும். விலை முக்கியம்தான், ஆனால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். ஐரோப்பாவில் உங்கள் கையில் குறைவாக இருப்பது பகல்பொழுது. கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பகல்களை எண்ணுங்கள்

பத்து நாள் டூர் என்றால் பத்து நாளும் ஊர் சுற்ற முடியும் என்று நினைக்க வேண்டாம். போய் இறங்கும் நாள் தூக்கக் கலக்கத்திலும் ஹோட்டல் அறை கிடைக்கும்வரை காத்திருப்பதிலும் போய்விடும். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து, அங்கிருந்து வெனிஸ், பிறகு ரோம் என்று ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் கழியும். கிளம்பும் நாளையும் கழித்துவிட்டால் முழுசாக ஐந்து, ஆறு நாள்தான் தேறும். அதில் பாரிஸுக்கு எத்தனை என்று எழுதுங்கள்.

இப்போது டிஸ்னிலேண்ட் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று பாருங்கள். அது பாரிஸுக்குள் இல்லை, கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நகரின் நடுவிலுள்ள ஷாத்தலே ஸ்டேஷனிலிருந்து ஆர்.ஈ.ஆர். 'ஏ' என்ற புறநகர் ரயிலில் கிட்டத்தட்ட 40 நிமிடம். இந்தத் தடம் வழியில் இரண்டாகப் பிரியும் என்பதால் பிளாட்பாரத் திரையில் மார்ன்-லா-வாலே செஸ்ஸி என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அதுதான் கடைசி ஸ்டேஷன், வெளியே வந்தால் பார்க் வாசல் பக்கத்திலேயே. ஹோட்டலிலிருந்து நடை, ரயில் மாறுதல், நுழைவாயில் சோதனை எல்லாம் சேர்த்தால் போக ஒன்றேகால் மணி நேரமாவது வையுங்கள். இரவு வாணவேடிக்கைக்கு நிற்பதாக இருந்தால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிறது, அதற்குப் பிறகுதான் காட்சி, அப்புறம் கூட்டத்தோடு ரயிலேறி அறைக்கு வந்து படுக்க நள்ளிரவு தாண்டிவிடும், மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் எழுந்து லூவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கிளம்புவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தாளில் ஒன்றரை நாள் என்று எழுதுங்கள்.

படி 2: யார் வருகிறார்கள்?

குழந்தையின் வயதை மட்டும் எழுதினால் போதாது, சுவரோரம் நிற்க வைத்து உயரத்தையும் அளந்து எழுதுங்கள். பெரிய ரைடுகளில் உயரத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். டிஸ்னிலேண்ட் பாரிஸில் பிக் தண்டர் மவுன்டனுக்கு 102 செ.மீ. வேண்டும், ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டனுக்கு 120. அண்ணன் ஏறித் தம்பி ஏற முடியாமல் போனால் அந்த இடத்திலேயே அழுகைதான், இதை வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது. பெற்றோரில் ஒருவர் சின்னவனோடு வெளியே நிற்க மற்றவர் ஏறிவிட்டு வந்து, மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஆள் மாற்றிக்கொள்ளும் வசதி பல ரைடுகளில் உண்டு. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள் இருந்தால் போவதில் அர்த்தம் இருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழே என்றால் பாரிஸுக்குள்ளேயே ஜார்தன் தக்ளிமத்தாசியோன் இருக்கிறது. 1860இல் திறந்த பூங்கா, ராட்டினம், சின்ன ரயில், விலங்குகள் எல்லாம் உண்டு, மெட்ரோ 1ஆம் தடத்தில் லே சப்லோன் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். அந்த வயதுக்கு அரை நாள் அங்கே போதும், மதியம் அறைக்கு வந்து தூங்கவும் வைக்கலாம். பெரியவர்கள் மட்டும் போகும் பயணமா? ரோலர் கோஸ்டர் மேல் உண்மையாகவே ஆசை இருந்தால் போங்கள். எல்லாரும் போகிறார்களே என்பதற்காக வேண்டாம்.

படி 3: வழியில் எது இருக்கிறது?

டிஸ்னிலேண்ட் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வரைபடத்தில் உங்கள் வழியைப் பாருங்கள். ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் வழியாக சுவிட்சர்லாந்து போகிறவர்களுக்கு ரூஸ்ட் என்ற ஊரில் யூரோபா-பார்க் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. ரைடு செய்யும் தொழிலிலேயே இருந்த மாக் குடும்பம், தங்கள் தயாரிப்புகளைக் காட்டுவதற்காகவும் சேர்த்து 1975இல் தொடங்கியது. பெரும்பாலான பகுதிகள் ஆளுக்கொரு ஐரோப்பிய நாட்டின் சாயலில் இருக்கும். ரோலர் கோஸ்டர்தான் முக்கியம் என்றால் டிஸ்னிலேண்டைவிட இதைத்தான் நான் சொல்வேன், அங்குள்ள சில்வர் ஸ்டார் என்ற கோஸ்டர் 73 மீட்டர் உயரம். நெதர்லாந்து பக்கம் போனால் எஃப்தெலிங் என்ற பார்க் இருக்கிறது. 1952இல் திறந்த அதன் தேவதைக் கதைக் காட்டில் மரங்களுக்கு நடுவே கதைகள் ஒவ்வொன்றாக வரும், கதை கேட்கப் பிடித்த பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

ஒன்றரை நாள் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதிலேயே முடிகிற இடங்களும் உண்டு. கோபன்ஹேகனில் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே டிவோலி பூங்கா, 1843இல் திறந்தது, 1914ஆம் ஆண்டு மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது, ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் நுழைவு இலவசம், ஏறும் ரைடுக்கு மட்டும் காசு. 1897இல் கட்டிய ராட்சத ராட்டினத்தில் ஒரே ஒரு சுற்று போய்விட்டு வந்தாலும் நகரத்தையும் பார்த்ததாகிவிடும்.

படி 4: தேதி

நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. பிரான்சில் வசந்த விடுமுறையை மூன்று மண்டலங்களாகப் பிரித்துத் தருவதால் ஏப்ரல் தொடங்கி மே முதல் வாரம்வரை ஏதாவது ஒரு மண்டலத்துக்கு லீவு இருந்துகொண்டே இருக்கும். மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை, இயேசு விண்ணேறிய திருநாளான அசென்ஷன் வியாழனும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். இவற்றைத் தவிர்த்து மே நடுவில் ஒரு செவ்வாய் கிடைத்தால் நல்லது. லூவ்ருக்கு செவ்வாய் விடுமுறை என்பதால் அன்றைக்கு அதை இழக்கவும் மாட்டீர்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் திறந்திருக்கிறதா என்றே முதலில் பாருங்கள், யூரோபா-பார்க்கும் டிவோலியும் இடையில் சில காலம் மூடியிருக்கும், எஃப்தெலிங் வருடம் முழுவதும் உண்டு.

படி 5: இப்போது பணம்

டிஸ்னிலேண்ட் டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும், மூன்று வயதுக்குக் கீழே இலவசம். ரயில் செலவு பெரிதல்ல: 2025 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுக்க, விமான நிலையங்கள் தவிர, ரயிலுக்கு ஒரே கட்டணம் வந்தது, அப்போது 2.50 யூரோ. செலவை ஏற்றுவது உள்ளே வாங்கும் சாப்பாடும், பொம்மைகளும், வரிசையைத் தாண்டிப் போக ரைடுக்கு ரைடு கட்டும் தனிக் கட்டணமும்தான். இவற்றுக்கும் முன்கூட்டியே தொகை ஒதுக்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முந்தின நாள் மாலையே அங்கே போய் வாங்கிவிடலாம்.

படி 6: எதை விடுகிறீர்கள்?

அந்த நாளில் பார்க்க முடியாமல் போவது எது என்று பெயரோடு எழுதுங்கள். வெர்சாய் அரண்மனையா, சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயிலா? அந்தத் தாளை வீட்டில் எல்லாரிடமும் காட்டுங்கள். யாருக்கும் வருத்தமில்லை என்றால் தீம் பார்க் போகலாம். ஒருவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை என்றால் குடும்பம் முழுவதும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமில்லை, அப்பாவும் பிள்ளைகளும் பார்க்குக்குப் போகட்டும், அம்மாவும் பாட்டியும் வெர்சாய் போகட்டும் (திங்கள் மட்டும் வேண்டாம், அன்று அரண்மனை மூடியிருக்கும்).

படி 7: டிக்கெட்

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம். விசா வந்தபிறகு பார்க்கின் சொந்த இணையதளத்தில் தேதியோடு வாங்குங்கள். பாரிஸ் வந்து இறங்கும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் டிக்கெட் போடாதீர்கள்.