பெரிய கைகளைத் திருத்துவதற்கு முன்: விஷுவல் நாவல் மறுஆக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஷுவல் நாவல் என்பது படங்களோடு திரையில் படித்துச் செல்லும் கதை; வாசகர் செய்யும் தேர்வுகளுக்கேற்ப அது வெவ்வேறு கதைவழிகளாகப் பிரியும். அப்படி ஒன்றை மறுஆக்கம் செய்யத் தொடங்கும் ரசிகர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் முகங்களில்தான். கதை பிடித்திருக்கிறது, படங்கள் மட்டும் பழையனவாகத் தெரிகின்றன, ஆகவே பாத்திரங்களை இன்றைய கண்ணுக்கு ஏற்றபடி வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றுவது இயல்பு. ஜப்பானியப் படைப்பாளர் ஒருவர் இலவசமாக வெளியிட்டிருந்த, மூன்று மணி நேரத்தில் படித்து முடிக்கக்கூடிய சிறிய நாவல் ஒன்றை, அவருக்கு எழுதி அனுமதி பெற்று, கோத்தகிரியில் நாங்கள் நான்கு பேர் தமிழில் மறுஆக்கம் செய்தோம். முதல் ஐந்து மாதங்கள் முகம் வரைவதிலேயே போயின. அந்த ஐந்து மாத வேலையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சுவெட்டரின் நிறம் மட்டுமே.

எங்கள் கதையின் நாயகி, பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேல்வகுப்பு மாணவி. மூலத்தில் அவளுக்கு 9 முகபாவங்கள் இருந்தன; ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கோடுகளில் முடிந்துவிடும். நாங்கள் 22 வரைந்தோம். இமைமயிர், உதட்டின் ஈரம், கன்னத்தில் விழும் விளக்கொளி என எதையும் விட்டுவைக்கவில்லை. திரையில் ஏற்றிப் பார்த்தபோது, அவள் பொய் சொல்லும் முகத்துக்கும் களைத்திருக்கும் முகத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. மூலத்தில் அவள் பொய் சொல்லும்போது இடது புருவம் மட்டும் ஒரு கோடளவு இறங்கும். வேறெதுவும் அசையாது என்பதால் படிப்பவரின் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். நாங்கள் எல்லாவற்றையும் அசையவிட்டோம். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

இதையே பெரிய அளவில் காண விரும்புபவர்கள் ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’யின் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு முதல் ரியுகிஷி07 என்னும் புனைபெயரில் எழுதுபவர் தாமே கதை எழுதி, தாமே படமும் வரைந்து வெளியிட்ட விஷுவல் நாவல் தொடர் அது. பாத்திரங்களின் கைகள் கையுறை மாட்டியவைபோல் பெருத்திருக்கும். ஓவியம் கற்றவர் எவரும் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார். பின்னர் பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கு வந்த பதிப்புகளில் வேறு ஓவியர்களின் நேர்த்தியான படங்கள் இடம்பெற்றன. ரசிகர் குழு ஒன்று பிளேஸ்டேஷன் 3 பதிப்பின் படங்களையும் குரல்களையும் கணினிப் பதிப்பில் சேர்க்கும் மாட் (ரசிகர்களே செய்யும் மாற்றத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கியது. ஆனால் பழைய படங்களுக்கு ஒரு விசையிலேயே மாறிக்கொள்ளும் வசதியையும் அதில் வைத்தது. அது வெறும் பழம்பாசத்துக்காக வைத்தது என்று நான் நினைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பெண் அடுத்த நொடி வெறித்துப் பார்க்கும்போது, கோணலாக வரையப்பட்ட அந்தப் பழைய முகத்தில் எழும் அச்சம் நேர்த்தியான முகத்தில் அதே அளவு எழுவதில்லை. கோணலும் அங்கே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பாத்திரத்தில் எதை மாற்றுவதானாலும், அது மூலத்தில் என்ன வேலை பார்த்தது என்று கேட்காமல் மாற்றக்கூடாது என்பதை நாங்கள் இப்படித்தான், சற்றுத் தாமதமாக, புரிந்துகொண்டோம்.

பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. அதே தொடரில் ரேனா என்ற பெண் வாக்கிய இறுதியில் ‘கனா, கனா’ என்று இருமுறை சொல்வாள். ‘கனா’ என்பது ஐயத்தைக் காட்டும் இடைச்சொல். ‘வருவானோ’ என்பதில் வரும் நம் ஓகாரத்துக்கு நெருக்கமானது. இதைக் குழந்தைத்தனமான பேச்சு என்று எண்ணி வெட்டிவிடத் தோன்றும். ஆனால் தலைப்பிலேயே இருக்கும் ஹிகுராஷி என்ற அந்திநேரச் சில்வண்டின் ஒலியையும் ஜப்பானியர் ‘கனகனகன’ என்றுதான் எழுதுகிறார்கள். பர்லியார் வளைவுகளில் பேருந்தை நிறுத்திச் சில்வண்டின் இரைச்சலைக் கேட்டிருப்பவர்களுக்கு, ஓர் ஊரின் மாலை முழுவதையும் ஒரு பெண்ணின் வாயில் வைத்திருப்பதன் பொருள் விளங்கும். வெட்டினால் அவள் போகிறாள், கூடவே மாலையும் போகிறது.

தமிழில் செய்பவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் விளிச்சொல். எங்கள் நாவலில் நாயகன் நூலகப் பெண்ணை ‘சென்பாய்’ என்று அழைக்கிறான். தனக்கு மூத்த மாணவரை அழைக்கும் மரியாதைச் சொல் அது. முதல் வரைவில் எங்களுள் ஒருவர் எல்லா இடத்திலும் ‘அக்கா’ என்று போட்டுவிட்டார். இங்குள்ள பள்ளிகளில் மேல்வகுப்பு மாணவியை அப்படித்தான் அழைப்போம் என்பதால், இருபது காட்சிகள் வரை யாருக்கும் உறுத்தவில்லை. இருபத்தோராவது காட்சியில் அவன் அவளுக்குக் காதல் கடிதம் எழுதுகிறான்.

‘அக்கா’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தமிழில் அந்தப் பாதை அடைபட்டுவிடும். ‘சென்பாய்’ அப்படி எதையும் அடைப்பதில்லை. ‘மேடம்’ அவளை ஆசிரியை ஆக்கிவிடுகிறது. ‘சீனியர்’ கல்லூரி விடுதியின் வாடையைக் கொண்டுவருகிறது. பெயர் சொல்லி அழைத்தால், அவனுடைய கூச்சம் முழுவதும் முதல் வரியிலேயே செத்துப்போகிறது. பல நாள் தடுமாறிய பிறகு, அவன் அவளை எந்தச் சொல்லாலும் அழைக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ‘இந்தப் புத்தகம் உள்ள வைக்கணுமா, வெளியவா?’ என்று கேட்பான்; ‘நீயே பாத்து வை’ என்பாள். பெயரும் முறையும் சொல்லாமல், வினைமுற்றில் வரும் ‘ங்க’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவன் கதையில் பாதித் தூரம் நடக்கும்போது, அவன் யார் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. மூலத்தில் அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம், குடும்பப் பெயரால் அழைத்தவள் ஒருநாள் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்வது. நமக்கு முதல் நாளிலிருந்தே சொந்தப் பெயர்தான், முன்னால் ஓர் இனிஷியலோடு. ஆகவே அந்தக் காட்சியை அப்படியே எடுத்துவைத்தால் தமிழில் ஒன்றுமே நடக்காது. மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வரும் ஒரு மாலையில், ‘குளிருதா உனக்கு?’ என்று அவன் கேட்கும்படி மாற்றினோம். அதுவரை வராத ‘உனக்கு’ அங்கே வருகிறது. காட்சியில் வேறு எதையும் சேர்க்கவில்லை.

ஒருவர் தம்மைச் சுட்டும் சொல்லும் இப்படித்தான். ஜப்பானியத்தில் ‘வதாஷி’, ‘போகு’, ‘ஓரே’ என்று யார், எந்த மிடுக்கில் சொல்கிறார் என்பதைக் காட்டப் பல சொற்கள் உண்டு. தமிழில் ‘நான்’ ஒன்றுதான். இழப்பை ஈடுகட்ட வாக்கிய முடிவுகளைப் பயன்படுத்தலாம், ஆனால் கவனம் தேவை: மேட்டுப்பாளையம், கோவைப் பக்கத்தில் சின்னக் குழந்தையிடமும் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பது அன்பின் வழக்கம் என்பதால், நாம் விலகலைக் காட்ட வைத்த ‘ங்க’ அந்த வாசகருக்கு நெருக்கமாகக் கேட்கக்கூடும்.

வட்டார வழக்கை மாற்றிப் பொருத்துவதில் நாங்கள் செய்யவிருந்த தவறு இதைவிட மோசமானது. மூலத்தில் பள்ளிக் காவலாளி ஒசாகா, கியோத்தோ பகுதியின் கன்சாய் வழக்கில் பேசுகிறார். ஜப்பானியக் கதைகளில் அந்த வழக்கு வியாபாரச் சுறுசுறுப்பையும் நகைச்சுவையையும் சட்டென்று நினைவூட்டும். அதற்கு ஈடாகத் தேயிலைத் தோட்டத் தமிழை வைத்தால் சிரிப்பு வரும் என்று நான்தான் சொன்னேன். எங்கள் குழுவில் ஒருவரின் தாத்தாவும் பாட்டியும் 1964ஆம் ஆண்டு சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தவர்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வேடிக்கையாகப் பட்ட அந்தப் பேச்சு, அவர் வீட்டில் இரண்டு முறை ஊர் மாறியவர்களின் பேச்சு. இரண்டு வழக்குகளும் தலைநகரின் பேச்சு அல்ல என்ற ஒற்றுமை மட்டும் போதாது. காவலாளிக்கு எந்த வழக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, எதைச் சொன்னாலும் கணக்கோடு சொல்பவராக அவரை எழுதினோம்: ‘நாலு சன்னல்ல மூணு சாத்தியாச்சு.’

திக்கிப் பேசும் பாத்திரத்துக்கு ‘அ-அது’ என்று முதல் எழுத்தை இரட்டிப்பதும் இறக்குமதிச் சரக்கு. தயங்கும் தமிழர் ‘அது வந்து…’ என்பார், அல்லது ‘இல்ல…’ என்று தொடங்கி வேறெதையோ சொல்லி முடிப்பார்.

அடுத்தது மௌனத்தை நிரப்பும் ஆசை. இங்கே ‘கத்தாவா ஷோஜோ’ என்ற விஷுவல் நாவலை நினைத்துக்கொள்வது பயனுள்ளது. 2000ஆம் ஆண்டு ராய்த்தா என்ற ஓவியர் வரைந்த ஒரே ஒரு பக்க ஓவியம்தான் அதன் மூலம். உடற்குறைபாடு உள்ள சில பெண்களை அவர் அதில் அறிமுகப்படுத்தியிருந்தார். இணையத்தில் ஒன்றுகூடிய ஆர்வலர்கள் அந்தப் பக்கத்திலிருந்து முழு வாழ்க்கைகளைக் கற்பனை செய்து, 2012 ஜனவரி 4 அன்று முழு நாவலாக வெளியிட்டார்கள். அவர்களுக்கு நிரப்புவதற்கு இடம் இருந்தது, நிரப்பினார்கள். அதிலும், கைகளில்லாத ஓவியப் பெண்ணான ரின்னின் துயரம் கைகளைப் பற்றியதாக இல்லாமல், தன் மனத்தில் இருப்பதைச் சொல்லில் பிறருக்குப் புரியவைக்க முடியாததைப் பற்றியதாக இருக்கிறது என்பதைப் பாத்திரம் எழுதும் எவரும் ஊன்றிப் படிக்கலாம். பார்த்தவுடன் தெரியும் குறை ஒன்றையே ஒருவரின் முழுக் கதையாக எழுதிவிடும் வழக்கம் நம் திரைக்கதைகளில் நிறையவே உண்டு.

எங்களிடம் இருந்ததோ முழுமையான மூலம். நூலகப் பெண் ஏன் தினமும் மாலை ஆறு மணிவரை வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாள் என்பதற்கு, முதல் கதைவழியில் பதிலே கிடையாது. இரண்டாம் வழியில், அதுவும் வேறொருத்தி போகிற போக்கில் சொல்லும் ஒரு வரியில் மட்டும் பதில் வருகிறது. இதை ஒரு குறையாக எண்ணி, முதல் வழியிலேயே அவளுடைய வீடு, அப்பா, உடைந்த தம்ளர் எல்லாம் கொண்ட நீண்ட பின்கதை ஒன்றை எழுதினோம். எழுத்து நன்றாகவே இருந்தது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதைப் படித்தவர் எவரும் இரண்டாம் வழியைத் தொடவில்லை. விஷுவல் நாவலில் ஒரு பாத்திரம் ஒரே வழியில் அடங்கியிருப்பதில்லை. வாசகர் திரும்பத் திரும்ப வந்து பொறுக்கி எடுப்பதற்காகப் பல வழிகளில் சிதறிக் கிடக்கிறது. யார் எதை எப்போது அறிகிறார் என்ற வரிசையைக் கலைத்தால், குணத்தில் ஒரு சொல்கூட மாற்றாமலே அவளை வேறு ஆளாக்கிவிடலாம்.

மூலப் படைப்பாளர்களே இதில் எவ்வளவு நிதானமாக நடக்கிறார்கள் என்பதற்கு ‘த்சுகிஹிமே’ சான்று. 2000ஆம் ஆண்டு வந்த நாவலில் ஐந்து நாயகியருக்கு ஐந்து வழிகள் இருந்தன. 2021இல் டைப்-மூன் வெளியிட்ட மறுஆக்கம் அவற்றுள் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டது. நாயகியருள் ஒருத்தியான ஆர்க்குவெய்டின் நீண்ட பாவாடையைக் குட்டையாக்கியதற்கே ரசிகர்கள் ஓயாமல் வாதிட்டார்கள் என்பது வேறு கதை. ஓய்வுநேரத்தில் செய்யும் நான்கு பேர் ஐந்து வழிகளையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்வது துணிச்சல் ஆகாது.

கதையை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது பூவை மாற்றும் ஆசை வரும். மூலத்தில் பள்ளி தொடங்கும் ஏப்ரலில் சக்குரா என்ற செர்ரிப் பூ உதிர்கிறது. நீலகிரியில் வைத்து எழுதினால் குறிஞ்சி என்று கை தானாகவே எழுதிவிடும். சக்குரா ஆண்டுதோறும் வருவது. ‘போன வருடமும் இதே மரத்தடியில் நின்றோம்’ என்று பாத்திரங்கள் எண்ணுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. நீலக்குறிஞ்சியோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் பூத்தது. ஆறாம் வகுப்பில் அதைப் பார்த்த பெண் மறுமுறை பார்க்கும்போது வேலைக்குப் போயிருப்பாள். அழகான வேறொரு கதைக்கு அது பொருந்தும், எங்கள் கதைக்குப் பொருந்தாது. எங்கள் பதிப்பில் பூவே இல்லை. ஜூன் மாதத்தின் காயாத சாக்ஸும், புத்தகங்களுக்குப் போட்ட புதிய பழுப்பு அட்டையின் வாசனையும் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன.

கைபேசியைப் பற்றி ஒரே வரி: ஹிகுராஷி 1983ஆம் ஆண்டில் நடப்பதும், எங்கள் மூலம் தொலைபேசி ஒன்றே உள்ள பள்ளியில் நடப்பதும் தற்செயல் அல்ல, எல்லோர் கையிலும் கைபேசி கொடுத்தால் காத்திருப்பவர்கள் எல்லோரும் காணாமல் போவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, பெயர்களை நீக்கிவிட்டு 40 வசனங்களை மட்டும் தாளில் எழுதி, நண்பர் ஒருவரின் அம்மாவிடம் கொடுத்தோம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விஷுவல் நாவல் என்பதையே கேள்விப்படாத அவரிடம் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, எது யார் பேசியது என்று மட்டும் குறித்துத் தரும்படி கேட்டோம். மதியம் சோறு வடித்துக்கொண்டே குறித்துக் கொடுத்தார். 34 சரி. தவறிய ஆறில் ஐந்து, நாங்கள் விளக்கத்துக்காகப் புதிதாகச் சேர்த்த வரிகள். அவற்றை அன்றே எடுத்துவிட்டோம். ஆறாவது காவலாளி சொல்வது: ‘சாவி என்கிட்டதான் இருக்கு, மெதுவா வா.’ அதை நூலகப் பெண் சொன்னதாக அவர் குறித்திருந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்த வரியை அவளுக்கே கொடுத்துவிட்டோம்.